கலக்கினது எண்டு சொன்னமே, மச்சான்

ஸ்காபரோ
தை 11

அன்பின் மச்சான்,

உன்ரை கடிதம் வந்து எட்டு மாதம். மறுமொழி போடேல்லை எண்டு வைரவர் கோயிலடியிலை நிண்டு, நாலு பேர் கேக்க, என்னைத் திட்டினதாய்க் கேள்வி. திட்டு. எழுதக் குந்தினால் முதல் வரியிலை என்ன சாட்டுச் சொல்லலாம் எண்டு யோசிச்சே எழும்பிப் போயிடுறனான். இஞ்சை எல்லாரும் சுகம். மனிசிக்கு முழங்கால் நோ, எனக்குச் சீனி, வாசலிலை முழங்காலளவு பனி. அவ்வளவுதான்.

இப்ப ஏன் எழுதுறன் எண்டால், ஒரு போத்தல் பியராலை. சிரியாதை. பியர் எண்டால் வண்டில் மாட்டு மூத்திரம் எண்டு நீ சொன்னதைத்தான் நாற்பது வருசமாய் நானும் இஞ்சை ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அந்தப் பேச்சை வாபஸ் வாங்குறன்.

நத்தாருக்கு மூத்தவளும் மருமகனும் கலிபோர்னியாவிலையிருந்து வந்து நிண்டவை. நல்ல பெடியன், ஆனால் வாயைத் திறந்தால் பியர்க் கதைதான். பெட்டிக்குள்ளை கம்பளிக் காலுறை ரெண்டைப் போட்டு, அதுக்குள்ளை ரெண்டு சின்னப் போத்தலைக் கொண்டந்து, "மாமா, டொக்டர் சொன்னது தெரியும். நாங்கள் நாலு பேர், ஒரு போத்தல். உங்களுக்கு மூண்டு வாய்தான்" எண்டார். நான் அதைத் தூக்கிக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் போறன், ஓடிவந்து பறிக்கிறார். பச்சைத்தண்ணிக் குளிர் காணுமாம், ஐஸ் மாதிரிக் குளிர்ந்தால் மணம் செத்துப்போகுமாம். மனிசி என்னைப் பாத்தா. எங்கடை வீட்டிலை என்ரை கையிலையிருந்து ஒரு போத்தலைப் பறிச்சு ஆரும் தப்பினது அதுதான் முதல் தரம்.

ஊத்தேக்கை பாக்கோணும். கறுப்பு. கிளாசை லைட்டுக்கு நேரை பிடிச்சால் விளிம்பிலை மட்டும் கொஞ்சம் சிவப்பு, மற்றும்படி உன்ரை மச்சானின்ரை மில்லிலை வடிஞ்ச எண்ணெய்தான். (அந்த மில்லைப் பற்றி இனிக் கதைக்கிறேல்லை எண்டு சத்தியம் பண்ணினனான், தெரியும்.) நுரை வெள்ளை இல்லை, பனங்கட்டி கரைச்ச நிறம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனன், தேங்காய் மணக்குது! வறுத்த தேங்காய்ச் சொட்டு. தேங்காய் போட்டிருக்கிறாங்களோ எண்டு கேட்டதுக்கு மருமகன் சிரிச்சார். ஒண்டும் போடேல்லையாம், அது பீப்பாயின்ரை மணமாம். அமெரிக்க ஓக் மரத்துக்கு இயல்பாயே அந்த வாசம் இருக்காம். உள்பக்கத்தை நெருப்பிலை கருக்கேக்கை வனிலா மணமும் சேர்ந்து வருமாம். எங்கடை நாட்டிலை சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டியளிலை கிடத்தி வைக்கிறாங்களே, அதே வித்தைதான்.

ஒரு வாய் குடிச்சன். முதல் இனிப்பு, பேரீச்சம்பழம் மாதிரி. பிறகு கோப்பிக் கைச்சல். அது இறங்கி ஒரு பத்துச் செக்கன் கழிச்சு நெஞ்சுக்குள்ளை பழைய சாராயம் மாதிரி ஒரு சூடு. கடைசியிலை நாக்கிலை ஒரு துவர்ப்பு, நாவற்பழம் திண்டிட்டு ஒருத்தருக்கொருத்தர் நாக்கை நீட்டிக் காட்டுவமே, அந்தத் துவர்ப்பு. 12 வீதத்துக்குக் கிட்டப் போதை. கள்ளைப்போல ரெண்டு மடங்குக்கு மேலை, ஆனால் குடிக்கேக்கை அடிக்காது, பிறகுதான் அடிக்கும். எனக்கு விளங்கினது நாலாவது வாயிலை. ஓம், நாலாவது. மகள் எண்ணிக்கொண்டிருந்தவள்.

இதைக் காய்ச்சிறவை ஃபயர்ஸ்டோன் வாக்கர் எண்டு, சான் பிரான்சிஸ்கோவுக்கும் லொஸ் ஏஞ்சலிசுக்கும் நடுவிலை பாசோ ரோபிள்ஸ் எண்ட ஊர். 1996இலை துவங்கினவை ரெண்டு பேர், அவை மச்சான்மார்! ஃபயர்ஸ்டோனின்ரை சகோதரியை வாக்கர் கட்டினவர். ஒருத்தர் கலிபோர்னியாக்காரர், மற்றவர் இங்கிலாந்துக்காரர். அதாலை போத்தலிலை ஒரு கரடியும் ஒரு சிங்கமும் மல்லுக்கட்டுற படம். மச்சானோடை தொழில் துவங்கி முப்பது வருசம் போயும் படத்திலை மட்டும்தான் சண்டை. (சரி, சரி.)

இனித்தான் விசயம். இவையின்ரை பத்தாவது வருசத்துக்கு, 2006இலை, விசேசமாய் ஒரு பியர் செய்ய வெளிக்கிட்டவை. பிறகு வருசாவருசம் அது நடக்குது, நாங்கள் குடிச்சதும் அதிலை ஒண்டுதான். பேர்பன் விஸ்கி, பிராண்டி வச்செடுத்த பழைய பீப்பாய்களுக்குள்ளை விதம் விதமான கடும் பியரை ஊத்திக் கிடத்தி வைக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி பேர்பனைப் புதிசாய்க் கருக்கின ஓக்கிலைதான் வைக்கலாம், ஒருக்கால் பாவிச்சால் அந்தப் பீப்பாயிலை திருப்பிப் பேர்பன் வைக்கேலாது. அதாலை வெறும் பீப்பாய் தாராளம். ஒவ்வொண்டும் ஏறத்தாழ 200 லீட்டர். ஆனால் பார், ஒரே நாள் காய்ச்சினதை ஒரே அறையிலை பக்கத்திலை பக்கத்திலை வச்சாலும் ஒரு பீப்பாய் மாதிரி மற்றப் பீப்பாய் வராது. ஒண்டு வெறும் மரமாய்க் காறும், ஒண்டு பாணி மாதிரித் திகட்டும், ஒண்டு புளிச்சுப் போய் ஊத்தவேண்டியதுதான். தனித் தனியாய் எடுத்தால் எல்லாத்திலையும் ஏதோ ஒரு குறை.

அதுக்கு அவை செய்தது என்ன? ஊரைச் சுத்தி முழுக்க முந்திரிகைத் தோட்டம், வைன் செய்யிற ஆக்கள். பீப்பாய் கலக்கிறது அவைக்குத்தான் தண்ணி பட்ட பாடு. அவையைக் கூப்பிட்டு, குழுக் குழுவாய் இருத்தி, ஒவ்வொரு பீப்பாய் வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் முன்னாலை வச்சு, அளவுச்சாடியையும் கையிலை குடுக்கிறது. எங்கடை கெமிஸ்ட்ரி ஆய்வுகூடம் மாதிரித்தான், கண்ணாடி மாஸ்டர் மட்டும் இல்லை. இதிலை பாதி, அதிலை கால், மற்றதிலை ஒரு துளி எண்டு ஒவ்வொரு குழுவும் ஒரு கலவை செய்யும். பிறகு எந்தக் கலவை ஆரின்ரை எண்டு தெரியாமல் எல்லாரும் எல்லாத்தையும் குடிச்சுப் பாத்து வாக்குப் போடுறது. வெண்ட கலவைதான் அந்த வருசப் பியர். காய்ச்சினவன் ஒருத்தன், கடைசி ருசியைத் தீர்மானிக்கிறது அயலட்டைக்காரர். மருமகன் இதைச் சொல்லேக்கை கலக்கிறதுதான் வித்தை எண்ட சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கு அதுக்குப் பிறகு அவர் சொன்னது ஒண்டும் காதிலை ஏறேல்லை.

செல்லன்ரை கள்ளுக்கொட்டில் ஞாபகம் வந்தது மச்சான்.

79, சோதனை மறுமொழி வந்த கிழமை. பங்குனியோ சித்திரையோ, நல்ல வெயில். பனையோலைப் பிளாவிலை வாங்கி ஒரு வாய் குடிச்சிட்டு நீ முகத்தைச் சுழிச்சனீ, "இது கலப்படம்டா, தென்னங்கள்ளு விட்டிருக்கு" எண்டனீ. நான் மிச்சத்தை அப்பிடியே அந்த மனிசனின்ரை காலடியிலை ஊத்தினனான். நீ சொன்னனீ, நான் ஊத்தினனான். இதை ஒருநாளும் நாங்கள் கதைச்சதில்லை, பகிடியாய்க் கூட.

அவர் கோவிக்கேல்லை. காலிலை பட்டதைக்கூடத் துடைக்கேல்லை. "தம்பி, ஒரு மரத்துக் கள்ளை அப்பிடியே தர ஏலாது. ஒரு மரம் இனிப்பு, ஒரு மரம் காட்டம். விடியத்தானுக்கு நேற்றுப் பின்னேரத்தானிலை கொஞ்சம் விட்டால்தான் சேரும்" எண்டார். நாங்கள் சிரிச்சம். அவர் சாட்டுச் சொல்லுறார் எண்டு நினைச்சு, ஊரெல்லாம் போய் "செல்லன் கலக்கிறான்" எண்டு சொன்னம். ரெண்டு மாதத்திலை கொட்டில் வெறிச்சுப் போச்சு. பிறகு அவர் எங்கை சீவினார், ஆருக்கு வித்தார் எண்டு நான் விசாரிக்கேல்லை.

அஞ்சு மரம் ஏறி இறங்கி, அஞ்சு முட்டியையும் மோந்து பாத்து, எதோடை எது சேரும் எண்டு நாக்கிலை கணக்கு வச்சிருந்த மனிசன். அவருக்கு அளவுச்சாடி இருக்கேல்லை. எங்கடை அப்பரின்ரை வயசு. நாங்கள் ரெண்டு பேரும் அவரை "அவன்" எண்டும் "டேய்" எண்டும்தான் கூப்பிட்டம். அவரின்ரை பேர் செல்லையா எண்டதே எனக்கு அந்தக் கள்ளுச் சங்கத்துக் கொப்பியிலை எழுதியிருந்ததைப் பாத்துத்தான் தெரியும். பாத்த பிறகும் நாங்கள் செல்லன் எண்டுதான் சொன்னம். ஏன் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இண்டைக்கு ஒருத்தன் போத்தலிலை அடைச்சு அட்டைப் பெட்டியிலை போட்டுத் தந்தவுடனை, கலக்கிறது வித்தை எண்டு கிளாசைச் சுழட்டி மணந்து பாக்கிறன்.

தென்னங்கள்ளு உண்மையாய் விட்டாரோ எண்டது இப்பவும் தெரியாது. விட்டிருக்கலாம். அப்பிடி விட்டிருந்தாலும் நல்லாய்த்தானே மச்சான் இருந்தது? அந்த ஊத்தின வாய்க்கு முதல் வாய் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு.

உன்ரை போன கடிதத்திலை, சந்தியிலை சைக்கிள் கடை வச்சிருக்கிறது அவற்றை மகன் எண்டு எழுதியிருந்தனீ. உனக்கு அங்கை எப்பிடியும் காத்து அடிக்கப் போற வேலை இருக்கும். ஒருக்கால் குந்தியிருந்து கேள், அப்பா எந்தெந்த மரத்தைச் சேர்க்கிறவர், பின்னேரத்தான் எவ்வளவு விடுறவர் எண்டு. மன்னிப்பு அது இது எண்டு நீ ஒண்டும் துவங்காதை, அது நான் வந்து செய்யவேண்டியது. ஆர் கேக்கச் சொன்னது எண்டு கேட்டால் என்ரை பேரைச் சொல்லு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

டிக்கெட் இன்னும் போடேல்லை, ஆனால் ஆவணியிலை நல்லூருக்கு வாறதாய் நினைப்பு. ரெண்டாவது போத்தலைத் திறக்கேல்லை. நிலக்கீழ் அறையிலை, மனிசியின்ரை ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னாலை நிக்குது. திருவிழா முடியட்டும். பிளா ரெண்டு, இல்லை, மூண்டு கோலி வை.

இப்படிக்கு,
உன்ரை பழைய வாங்குக்காரன்

பி.கு.: பெறாமகளின்ரை கலியாணக் காட் கிடைச்சது. காசு தனிய அனுப்புறன், அதைப் பற்றி மனிசிக்கு எழுதாதை.