மலரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் மனைவி மலருக்குக் கரு தங்காமல் போனதில் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை, உன் மேலும் இல்லை. "பையனுக்கு டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்துச்சு, அப்புறம் கோளாறு பொண்ணுகிட்டதானே" என்று இங்கே தேவிபட்டினத்தில் உன் அத்தை உட்பட ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பேச்சு மலர் காதுக்குப் போகாமல் பார்ப்பது உன் பொறுப்பு.

நீ அனுப்பிய கேரியோடைப் ரிப்போர்ட்டைப் படித்தேன், அதுதான் உன் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழைகளை, பார்த்துச் சொல்லும் சோதனை. இத்தனை வருஷம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தியவள், அதனால் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். உனக்கு மூன்று குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. மூன்று வலைகளை அறுத்து ஒன்றின் துண்டை இன்னொன்றில் வைத்துப் பின்னினால் எப்படி இருக்கும், அப்படி. கண்ணி ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை, அதனால்தான் நீ ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தாய்.

சிக்கல் விந்தணு உருவாகும்போதுதான் வருகிறது. வழக்கமாக ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியோடு சேர்ந்து அப்புறம் பிரியும். உனக்கு இடம் மாறிய மூன்றும், மாறாத மூன்றும், ஆக ஆறும் ஒரே பிணைப்பாக நின்றுதான் பிரிய வேண்டும். மூன்று மூன்றாகப் பிரிந்தாலே ஒரு விந்தணுவுக்கு 20 விதமாகப் போகலாம், நாலும் இரண்டுமாக, ஐந்தும் ஒன்றுமாகப் பிரிவதும், ஆறும் ஒரே பக்கம் போவதும் உண்டு. மொத்தம் 64 வகை. அதில் சரியானவை இரண்டே: மாறாத மூன்றும் சேர்ந்து போவது, இல்லை மாறிய மூன்றும் சேர்ந்து போவது. மற்றதிலெல்லாம் துண்டுகள் கூடியோ குறைந்தோ இருக்கும், அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் தங்காது. ஆனால் 64-இல் 2 என்று கணக்குப் போட்டுக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடக்காதே. எல்லா வகையும் ஒரே அளவில் உண்டாவதில்லை, எந்தக் குரோமோசோம், எந்த இடத்தில் முறிந்தது என்பதை வைத்து ஆளுக்கு ஆள் மாறும்.

டெஸ்டில் விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் நன்றாக இருப்பது இதைக் காட்டவே காட்டாது. வளரும் விந்தணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருந்து புரதங்களைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆகவே உள்ளே துண்டு குறைந்த விந்தணுவும் மற்றதைப் போலவே நீந்தும். உள்ளே இருப்பதைப் பார்க்க ஃபிஷ் என்ற டெஸ்ட் இருக்கிறது, குரோமோசோம் துண்டுகளுக்கு ஒளிரும் நிறம் ஏற்றி ஒவ்வொரு விந்தணுவாக எண்ணுவார்கள். ஆனால் அப்படிப் பார்த்த விந்தணுவைக் கருவாக்கப் பயன்படுத்த முடியாது. நல்லதைப் பொறுக்கி எடுக்க அது உதவாது, உன் விந்தணுக்களில் எவ்வளவு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது தெரிந்தால் ஐவிஎஃப் செய்து, அதாவது உடம்புக்கு வெளியே கருவை உண்டாக்கி, அதன் சில செல்களைச் சோதித்துக் கருப்பையில் வைப்பதா, இயல்பாகக் கருத்தரித்து 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரைச் சோதிப்பதா என்று நீங்கள் இருவரும் முடிவு செய்யலாம். மலரின் உடம்புதான் ஊசியெல்லாம் தாங்கப்போகிறது, அவள் போதும் என்றால் போதும்.

இங்கே கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தைச் சுற்றினால் சரியாகும் என்று அத்தை சொல்கிறாள். நானும் உங்களுக்காகக் கும்பிடத்தான் செய்கிறேன். அதற்காக மலரைக் கடலில் இறக்கிப் பரிகாரம் செய்ய வைக்க விடமாட்டேன்.

இன்னொன்று. இது தலைமுறையாக வந்ததென்றால் பெரும்பாலும் அம்மா வழியாகத்தான் வரும். அதனால் நானும் அப்பாவும் ரத்தம் கொடுக்கிறோம். என்னிடம் இருந்தால் உன் தங்கச்சியும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவளிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன், நீ அவசரப்பட்டுச் சொல்லாதே. சேது எக்ஸ்பிரஸில் ராமநாதபுரத்திலிருந்து டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். டாக்டரின் மரபணுக் கவுன்சலிங்குக்கு நாங்கள் வந்த பிறகு நேரம் வாங்கு, மலரும் கட்டாயம் கூட இருக்கட்டும், அவள் கேட்க நினைப்பதையெல்லாம் அவளே டாக்டரிடம் கேட்கட்டும்.

அன்புடன்,
அம்மா