429 கோடியை எழுத்தால் எழுதினால் போதுமா?

கணிதப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பெரிய எண்கள் என்று ஒரு பாடம் வைக்கிறீர்கள். அதில் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: காற்புள்ளி இடு, எழுத்தால் எழுது. 4294967297 என்று கொடுத்தால், 'நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு' என்று மாணவர் மூச்சு வாங்க எழுதி முடிப்பார். அத்தோடு அந்த எண்ணை மறந்துவிடுவார். என் வருத்தமே அதுதான்.

இந்த எண் 2³² + 1. அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், 2-இன் அந்த அடுக்கோடு 1 கூட்டினால் இதே வரிசையில் இதற்கு முன்னால் வருபவை 3, 5, 17, 257, 65537; ஐந்தும் பகா எண்கள். அந்த வரிசையைப் பார்த்துத்தான் 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா, அடுத்து வருவதும் பகா எண்ணாகவே இருக்கும் என்று நம்பினார். நிரூபணம் கிடையாது, நம்பிக்கை மட்டும்தான். மாணவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், சொல்லட்டும். இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆகவே 3-ஆல் வகுபடாது. 2, 5, 11 எதுவும் ஒத்துவராது. நீங்கள் சொல்லித்தரும் வகுபடும் விதிகள் இதற்குமேல் கைகொடுக்காது.

1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் இதை உடைத்தார்: 641 × 6700417.

641 எங்கிருந்து வந்தது? பாடநூலில் இதற்குத்தான் இடம் வேண்டும். 2, 3, 5 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டு போனால் 641 என்பது 116-ஆவது முயற்சி. ஆனால் இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆகவேண்டும் என்று ஆய்லர் பின்னாளில் விளக்கினார். சரி, அப்படிப்பட்ட எண்களை மட்டும் எழுதிப் பாருங்கள். 65, 129, 321, 385, 513 பகா எண்கள் இல்லை, தள்ளிவிடலாம். நிற்பவை 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே சிக்கிவிடுகிறது!

பெருக்கிப் பார்க்காமலும் இதை நிறுவலாம். 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதின்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். ஆக −2³²-இன் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். கரும்பலகையில் நான்கே வரி.

இன்னொன்றும் உண்டு. இதே எண் 65536² + 1², அதுவே 62264² + 20449². இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இரு வேறு வழிகளில் எழுத முடிகிற எண் பகா எண்ணாக இருக்க முடியாது. காரணி இன்னதென்று தெரியாமலேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம். எனக்கு 641-ஐவிட இதுதான் பிடிக்கும்.

அடுத்த பதிப்பில் காற்புள்ளிப் பயிற்சியில் பாதியை எடுத்துவிட்டு இந்த ஓர் எண்ணுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். 641 என்ற விடையை மட்டும் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கணக்கு வாத்தியார் ஒருவர்