ஜாமிங்கால அடங்காத வானொலிகள் இப்ப தானா அடங்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கையில நெட் இருக்கறப்ப சிற்றலை வானொலி எதுக்குன்னு பலபேர் கேக்கறாங்க, டிஎக்ஸிங், அதாவது தூர தேசத்து ரேடியோவத் தேடிப் பிடிச்சுக் கேக்கறது, பண்ற ஆளா அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும்னுதான் எழுதறேன். ஒரு அரசாங்கம் நினைச்சா நெட்ட உடனே கட் பண்ணிடலாம், ஆனா எல்லைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற சிற்றலைய அப்படி நிறுத்த முடியாது, அதே அலைவரிசைல மேல சத்தம் போட்டு அமுக்கத்தான் பார்க்கணும். அதுதான் ஜாமிங்.

நம்ம ஊர்ல உக்காந்தே நான் இதக் கேட்டிருக்கேன். வாய்ஸ் ஆஃப் திபெத்னு ஒரு வானொலி, 1996-ல ஆரம்பிச்சது, ஆபீஸ் தர்மசாலாவுல, ஒலிபரப்பு தஜிகிஸ்தான்லேர்ந்து. திபெத்திய மொழில பேசிக்கிட்டே இருப்பாங்க, திடீர்னு சீன மேளமும் தாளமும் ஊதுகுழலுமா ஒரு இசை வந்து அப்படியே மேல ஏறும், நடுவுல பேச்சே கிடையாது, ஒரு மணி நேரம் ஓடி திரும்ப முதல்லேர்ந்து வரும். இது சீனா போடற ஜாமிங், டிஎக்ஸருங்க இதுக்கு வச்ச பேரு ஃபயர்டிரேக். அப்புறம் அதுக்குப் பதிலா சீன தேசிய வானொலியவே மேல போட ஆரம்பிச்சாங்க. வாய்ஸ் ஆஃப் திபெத்காரங்களும் விடமாட்டாங்க, சில கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போயிடுவாங்க, ஜாமர் தேடிக்கிட்டு பின்னாலயே வரும், நாமளும் குமிழ மெல்லத் திருப்பிக்கிட்டே கூடப் போகணும். திபெத் தலைநகர் லாசா மாதிரி டவுனுக்குள்ள பக்கத்துலயே ஜாமர் வச்சா ஒண்ணும் கேக்காது, ஆனா டவுன விட்டு வெளிய போயிட்டா அதோட பலம் குறைஞ்சிடும், அங்க இருக்கற மக்களுக்கு இந்தக் குரல் போய்ச் சேரும்.

வடகொரியாவுல கடைல விக்கிற ரேடியோவையே அரசு அலைவரிசை தவிர வேற எதுவும் எடுக்காத மாதிரி பூட்டி வச்சிருக்காங்க, அப்படியும் பயம் விடல. வடகொரிய மக்களுக்கான எக்கோ ஆஃப் ஹோப், வாய்ஸ் ஆஃப் தி பீப்பிள்ங்கற வானொலிங்க ரெண்டையும் தென்கொரிய உளவுத்துறைதான் நடத்துச்சு, அதுங்க மேல வடகொரியா ஜெட் விமான இரைச்சல் மாதிரி ஒரு சத்தத்த வருஷக்கணக்கா போட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்த இரைச்சலுக்கு அடியிலயும் கொரியப் பேச்சு தெளிவா கேட்ட ராத்திரிங்க உண்டு.

என்னோட ஆதங்கமே இதுதாங்க, ஜாமிங்கால இந்த மாதிரி வானொலிங்கள ஒழிக்க முடியல, ஆனா சிலத ஒலிபரப்பினவங்களே நிறுத்திட்டாங்க. 2025 ஜூலைல தென்கொரியா தன்னோட அந்த ரெண்டு வானொலியையும் நிறுத்துச்சு. அமெரிக்கா பணத்த நிறுத்தினதுல, அந்தப் பணத்துல ஆசிய நாடுகளுக்குச் செய்தி சொல்லிக்கிட்டிருந்த ரேடியோ ஃப்ரீ ஏசியா அதே வருஷம் அக்டோபர் கடைசில செய்திய நிறுத்துச்சு. திருட்டுத்தனமா காதுல வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தவங்ககிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

1942-ல சுதந்திரப் போராட்டத்துக்காக பம்பாய்ல உஷா மேத்தா இடம் மாத்தி இடம் மாத்தி காங்கிரஸ் ரேடியோ நடத்தி ஜெயிலுக்குப் போன நாடு இது, ரகசிய வானொலியோட அருமை நமக்குத் தெரியணும். உங்க உலகச் செய்திப் பக்கத்துல இந்த மூடல்களப் பத்தி முழுசா ஒரு கட்டுரை போடுங்க. வடகொரியா கடத்திட்டுப் போனவங்களுக்காக ஜப்பான் அமைப்பு ஒண்ணு 2005-லேர்ந்து நடத்தற ஷியோகாஸே வானொலியப் பத்தியும் அதுல கட்டாயம் எழுதுங்க.

இப்படிக்கு,
சிற்றலை நேயர் ஒருவர், திண்டுக்கல்