கார்டியன் கணக்குக் காட்ட வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் தையல் வேலை செய்கிறேன். அறிவுசார் குறைபாடுள்ள என் தம்பிக்கு நான்தான் சட்டப்படி கார்டியன். அம்மா போனபிறகு இந்தப் பொறுப்புக்கு வந்தேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "அப்போ அவன் பங்கு வீடு உன் பேருக்கு வந்துடுச்சா?"

வரவில்லை, வரவும் வராது. கார்டியன் என்றால் சொத்துக்கு வாரிசு என்று நம் பக்கம் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்கள்கூடத் தானாகக் கார்டியன் ஆகிவிட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் குழுவில் மனு கொடுக்க வேண்டும். நல்லபடியாக நடமாடும்போதே பெற்றோர் இதைச் செய்துவிட வேண்டும்.

கார்டியன் நியமனமான 6 மாதத்துக்குள், தன் பொறுப்பில் இருப்பவருடைய சொத்து, கடன், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் பட்டியல் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. என் மெஷின் டிராயரில் அதற்கென ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் உதவித்தொகையும் மாடி வாடகையில் அவன் பாதியும். வலப்பக்கம் வலிப்பு மாத்திரை, முடிவெட்டு, செருப்பு. மருந்துக்கடை பில்லில் எழுத்து சீக்கிரம் வெளுத்துப்போகிறது, ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுகிறேன்.

அப்புறம் அவன் மனசும் இருக்கிறது. வைகாசி முதல் நாள் எங்கள் ஊர்த் திருவிழாவில் கங்கையம்மன் சிரசு (அம்மன் தலை) ஊர்வலம் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. கூட்டத்தில் அவன் எதற்கு என்கிறார்கள். எதற்கென்றால், அவன் ஆசைப்படுகிறான். ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருகிறோம். முடிவுகளை அவனைப் போன்றவர்களோடு கலந்தே எடுக்க வேண்டும் என்றுதான் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

கார்டியன் சொத்தைச் சுருட்டினாலோ, ஆளைக் கவனிக்காமல் விட்டாலோ, உறவினர் அதே குழுவில் மனு கொடுத்து நீக்கச் சொல்லலாம். என்மேல் சந்தேகம் இருப்பவர்களும் தாராளமாகப் போகலாம்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். சான்று கொடுக்கும்போதே இந்தக் கடமைகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். ஜூன் முடிந்தும் கணக்கு வராத வீட்டுக்கு ஆளனுப்புங்கள். போகிறவர் கார்டியனை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பாமல், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று அந்தப் பிள்ளையையே கேட்கட்டும்.

ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.