துடுப்புக்கு நேரே நிற்கும் கப்பல்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

நீ கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டார். அது கிடக்கட்டும். கடைசியில் எழுதியிருந்தாயே இரண்டு வரி, அதற்குத்தான் இந்தக் கடிதம். பாப்பா அடுத்த மாதம் தனியாகப் பறக்கப் போகிறாள், அவளுடைய குட்டி விமானத்துக்கு எதிரே பயணிகள் விமானம் வந்தால் யார் ஒதுங்குவார்கள் என்று கேட்டிருக்கிறாய். தங்கச்சிக்குத் தூக்கமே இல்லையாமே. உனக்கும்தான் இல்லை, அதை மட்டும் எழுத மாட்டாய்.

மீனம்பாக்கத்தில் ராடார் பெட்டிகளோடு முப்பது வருஷம் மாரடித்தவன் நான். அப்படியெல்லாம் நடக்காது என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

1978 செப்டம்பர் 25, அமெரிக்காவில் சான் டியாகோ. தெளிவான காலை. இறங்க வந்த போயிங் 727-க்கு, முன்னால் செஸ்னா என்ற குட்டி விமானம் ஒன்று போகிறது என்று கீழேயிருந்து சொன்னார்கள். பார்த்துவிட்டோம் என்றார்கள் விமானிகள். பார்த்ததும் உண்மைதான். பிறகு அது கண்ணில் படவில்லை, தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அது அவர்களுக்கு முன்னால், கீழேயே இருந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் போனார்கள்.

பார்த்தும் எப்படித் தவறவிட்டார்கள் என்று கேட்பாய். இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உன் அப்பா நமக்குச் சொன்னதுதான். தேவனாம்பட்டினத்திலிருந்து கட்டுமரத்தில் நம்மை ஏற்றிப் போனாரே, துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பல் ஒன்று தூரத்தில் தெரிந்ததே. “அது அங்கயே நிக்குது மாமா” என்றேன். மண்டையில் ஒரு தட்டு விழுந்தது. “நிக்கலடா. துடுப்பு நுனிக்கு நேரா வெச்சுப் பாரு. நகந்தா அது வேற வழியில போவுது. நகராம பெருசாயிக்கினே வந்தா ஒம் மேலதான் வருது.”

வானத்திலும் அதே கதைதான். நம் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். மோதப்போகிற விமானமோ கண்ணாடியில் ஒரே இடத்தில் ஈ எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும், கடைசி சில நொடியில்தான் பூதாகரமாகும். பாப்பாவின் விமானம் மணிக்கு 185 கிலோமீட்டர் என்று வை. 10,000 அடிக்குக் கீழே பெரிய விமானத்துக்கு வேக வரம்பு பெரும்பாலும் 250 நாட், அதாவது 460 சொச்சம். நேருக்கு நேர் வந்தால் நொடிக்கு 180 மீட்டர் குறையும். ஒன்றைக் கண்டு, விமானம்தான் என்று தெரிந்து, மோதும் என்று புரிந்து, கை அசைந்து, விமானமும் திரும்பி முடிக்க 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறை கணக்குப் போட்டிருக்கிறது. அதற்குள் இரண்டேகால் கிலோமீட்டர் கரைந்துவிடும். மஞ்சக்குப்பத்தில் நின்றுகொண்டு சில்வர் பீச்சில் நிற்கும் வேனைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

போன மாதம் அரியாங்குப்பத்தில் எனக்கே ஆயிற்று. காரின் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற கம்பத்துக்குப் பின்னால் ஒரு மொபெட் அப்படியே என்னோடு சேர்ந்து வந்திருக்கிறது. நான் தலையை அசைக்கவே இல்லை. பிரேக் போட்டது அந்தப் பையன்தான், திட்டு வாங்கியது நான்.

அதனால் கண்ணை மட்டும் நம்ப முடியாதென்றுதான் பெட்டி வைத்தார்கள். தரையிலிருந்து ராடார் கேட்கும். விமானத்தில் இருக்கிற டிரான்ஸ்பாண்டர், தன் எண்ணையும் எத்தனை அடி உயரம் என்பதையும் பதிலாக அனுப்பும். 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செரிட்டோஸில் பைப்பர் என்ற குட்டி விமானம், அனுமதி வாங்காமல் பெரிய விமானங்களின் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. அதன் டிரான்ஸ்பாண்டரில் உயரம் சொல்லும் வசதி இல்லை. இறங்கிக்கொண்டிருந்த டிசி-9 பயணிகள் விமானத்தின் வாலில் மோதியது. 82 பேர். அதற்குப் பிறகுதான் பயணிகள் விமானத்தில் டீகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவி கட்டாயம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. நமக்கு அந்தப் புத்தி வர 1996-இல் டெல்லி பக்கம் சர்கி தாத்ரியில் இரண்டு விமானம் மோதி 349 பேர் சாக வேண்டியிருந்தது.

உன் கேள்விக்குப் பதில் இந்த டீகாஸ்தான். சுற்றியுள்ள டிரான்ஸ்பாண்டர்களை அதுவே விசாரிக்கும். தூரத்தைவிட, எத்தனை நொடியில் மோதும் என்பதைத்தான் பார்க்கும். முதலில் “டிராஃபிக், டிராஃபிக்”. நெருக்கடி என்றால் ஏறு அல்லது இறங்கு என்று உத்தரவு. இடம் வலம் என்று சொல்லாது. ஆக, ஒதுங்குவது பெரிய விமானம். ஆனால் பாப்பாவின் பெட்டி பதில் சொல்லாவிட்டால் டீகாஸைப் பொறுத்தவரை அங்கே விமானமே இல்லை. உயரம் சொல்லாவிட்டால் எச்சரிக்கும், ஏறவா இறங்கவா என்று அதற்குத் தெரியாது. 2006-இல் பிரேசிலில் தனியார் ஜெட் ஒன்றின் டிரான்ஸ்பாண்டர் பேசாமல் இருந்தது. மோதியும் சிறியது பத்திரமாக இறங்கிவிட்டது, எதிரே வந்த 737-இல் இருந்த 154 பேரும் போனார்கள்.

அதனால் பாப்பாவிடம் ஒன்று கேள். பழைய பயிற்சி விமானம் என்றால் டிரான்ஸ்பாண்டரில் ஒரு திருகு இருக்கும். ‘ஸ்டாண்ட்பை’, ‘ஆன்’, ‘ஆல்ட்’ என்று போட்டிருக்கும். பிள்ளைகள் ஆனில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடும், ஆனில் உயரம் போகாது, ஆல்டில் வைத்தால்தான் போகும். எங்கள் திரையில் உயரம் வர வேண்டிய இடம் வெறுமையாக நிற்கும். கன்ட்ரோலர் “ஸ்குவாக் சார்லி” என்பார், அதாவது உயரத்தையும் அனுப்பு என்று. சில நொடியில் உயரம் முளைக்கும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ஆல்டில் வைத்தாளா என்று கேள், கோபித்துக்கொண்டாலும் கேள்.

இன்னொன்று. பாப்பாவின் விமானம் செஸ்னா என்றால் இறக்கை தலைக்கு மேலே இருக்கும். திரும்புகிற பக்கத்து இறக்கை இறங்கி, போகிற திசையையே மறைத்துவிடும். திரும்புவதற்கு முன்னால் அந்த இறக்கையை ஒரு நொடி தூக்கிப் பார்க்கச் சொல். பார்வையை ஒரேயடியாக ஓட்டாமல் துண்டு துண்டாக நிறுத்திப் பார்க்க வேண்டும். மாமாவின் துடுப்புக் கதையையும் சொல். பேத்திக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். முட்டி வலி மட்டும் விடவில்லை. நான் இதை எழுதும்போது பெங்களூர் ஏடிஆர் விமானம் தலைக்கு மேல் இறங்குகிறது, மாடியில் காயப்போட்ட கருவாட்டுக்குக் காவல் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டன.

பாப்பா தனியாகப் போய் இறங்கியதும் முதல் போன் உனக்கு. இரண்டாவது எனக்கு, தங்கச்சிக்கு முன்னால்.

உன்
மாப்ளே