ஞாயிறு காலை பாரதி வீட்டில்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில், பாரதி குடியிருந்த வீட்டு வாசலில் கூடுகிறோம். வீடு இப்போது அருங்காட்சியகம்.

ஆங்கிலேயரின் கைதுக்குத் தப்பி 1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்த ஊருக்கு வந்தவர், 1918 வரை இங்கேதான் இருந்தார். கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தது இங்கே. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. வறுமை ஒருபுறம், ஒற்றர்களின் கண்காணிப்பு மறுபுறம். அதற்கு நடுவிலா இத்தனையும் எழுதினார் என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை!

பழைய வீடு; சுவரில் சாய வேண்டாம், காட்சிப் பொருள்களைத் தொட வேண்டாம். பிறகு பெருமாள் கோயில் தெருவிலுள்ள பாரதிதாசன் இல்லத்துக்கும் செல்வோம். பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள். வருவோர் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பெயர் பதிவிடவும்.