ஆடி அனுப்பிவைத்த மனைவியைக் குறை சொன்னவர்களுக்கு ஒரு மடல்

அனைவருக்கும் வணக்கம்.

வடசென்னை வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். 2025 செப்டம்பர் 18 அன்று நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் காலமானார். வயது 46தான். இறுதி ஊர்வலத்தில் அவருடைய மனைவி பிரியங்கா ஆடினார். அந்தச் சில நொடிக் காட்சியைப் பார்த்துவிட்டு, புருஷன் போன துக்கம் இருந்தால் கால் ஆடுமா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சங்கர் மதுரைக்காரர். எங்கள் பேட்டைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் அவர் படத்தை ஒட்டி, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினார்கள். அவருடைய பழைய மேடை நிகழ்ச்சி ஒன்றை ஒரு பையன் செல்போனில் ஓடவிட்டான். விஜயகாந்த் குரலில் அவர் பேசத் தொடங்கியதும் எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தோள் குலுங்கியதை வைத்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது.

ஏன் இவ்வளவு பாசம் என்றால், அவர் வந்த வழி எங்களுக்குத் தெரிந்த வழி. எங்கள் பக்கம் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ராத்திரி பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். நாலு பாட்டு முடிந்து பாடகர் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரத்தில் பலகுரல் கலைஞர் ஒருவர் மைக்கைப் பிடிப்பார். தூங்கி வழியும் குழந்தைகள், மேடை ஓரத்தில் சலம்பும் குடிகாரர்கள், அடுத்த பாட்டு எங்கே என்று கத்தும் இளவட்டங்கள், இத்தனை பேரையும் அவர் ஒற்றை ஆளாகக் கட்டிப்போட வேண்டும். சிரிப்பு வரவில்லை என்றால் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்கள். சங்கர் மேடைகளில் உடம்பெல்லாம் உலோகம்போல் மின்னும் பெயின்ட் பூசிக்கொண்டு எந்திர மனிதனாக ஆடியவர். ரோபோ என்ற பெயரே அதில் வந்ததுதான். அங்கிருந்து விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு', அப்புறம் சினிமா. எங்கள் தெருக் கச்சேரியில் மைக் பிடித்த ஆள் ஒருவர் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எங்களுக்கு.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

வடசென்னையில் சாவு வீடு அமைதியாக இருக்காது. வாசலில் சாமியானா, ஐஸ் பெட்டியில் உடல், ராத்திரி முழுக்க மரண கானா. பாடுகிறவர் முதலில் வீட்டுக்காரர்களிடம் இறந்தவரின் தொழில், பிள்ளைகள் பேர், அவர் ஆசையாகச் சாப்பிட்டது, கோபம் வந்தால் சொல்லும் வார்த்தை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்வார். டோலக் தட்டியதும் அதையெல்லாம் அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்டிவிடுவார். ஒரு வரிக்குக் கூட்டம் சிரிக்கும். அடுத்த வரிக்கு வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். மறுநாள் சட்டி மேளமும் வெடியும் பூவுமாக மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் ஆட்டம்தான். பார்த்துப் பழகாதவர்களுக்குக் கூத்தாகத் தெரியலாம். உயிரோடு இருந்தபோது மேஸ்திரி ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடாத ஒரு கூலிக்காரருக்காக, ஒரு தெருவே கண் விழித்து அவர் பேரைப் பாடுகிற மரியாதை அது.

என் சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மேளச் சத்தம் கேட்டால் போதும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கிவிடுவார். சித்தியையும் கையைப் பிடித்து இழுப்பார். சித்தி வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிடுவார். சித்தப்பா இறந்த அன்று, பாடை தெருமுனை திரும்பும் இடத்தில், பெண்கள் நின்றுவிட வேண்டிய அந்த இடத்தில், சித்தி ஆடினார். முடி அவிழ்ந்து, முந்தானை ரோட்டில் புரள, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஆடினார். மேளக்காரர்கள் நிறுத்தாமல் அடித்தார்கள். கடைசியில் அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் வைத்தார்.

எங்கள் தெருவிலும் முணுமுணுத்தார்கள். அதை மறைக்க மாட்டேன். எத்தனை பையன்கள் சாவுக்கு ஆடினாலும் வாயே திறக்காதவர்கள், பெண்டாட்டி ஆடினால் மட்டும் கேட்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கும் சேர்த்துத்தான். பொம்பளை மூலையில் உட்கார்ந்து அழுதால்தான் துக்கம் என்று யார் எழுதி வைத்தது? காரியமெல்லாம் முடிந்த பிறகு சித்தியிடம் கேட்டேன். "அவரு கூப்பிட்டப்பல்லாம் போகல. அன்னிக்கு விட்டா அப்புறம் ஏது?" என்றார்.

பிரியங்காவும் மேடை ஏறி ஆடியவர். அந்த நிமிஷத்தில் அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் ஆட்டத்தால் வளர்ந்த ஒரு மனுஷனை ஆடித்தான் வழியனுப்ப வேண்டும் என்று அவர் வீட்டுக்காரிக்குத் தோன்றியிருந்தால், அதில் நாம் கேட்க ஒன்றுமே இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காட்சியை வெட்டிக் கேலியாகப் போட்டவர்கள் யாராவது இருந்தால் எடுத்துவிடுங்கள். அவருக்கு ஒரு மகள் இருக்கிறார், பேரக்குழந்தை இருக்கிறது. தாத்தாவைத் தேடும் குழந்தையின் கண்ணில் முதலில் அதுவா பட வேண்டும்?

அந்தக் காட்சியைச் சித்திக்கு நான்தான் செல்போனில் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. திரும்ப ஒரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். அப்புறம், "அந்தப் பொண்ணுக்கு யாராச்சும் தண்ணி குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு ரசிகை